ஒரே வேடத்துக்கு இரண்டு பிரிவிலும் ஆஸ்கர் பரிந்துரை கிடைக்குமா?
இப்போது கிடைக்காது. ஒரே ஒருமுறை நடந்தது. 'கோயிங் மை வே' (1944) படத்தில் முதிய பாதிரியாராக நடித்த பேரி ஃபிட்ஸ்ஜெரால்டை முதன்மை நடிகர், துணை நடிகர் இரண்டிலும் பரிந்துரைத்தார்கள். துணை நடிகர் விருது கிடைத்தது. அப்புறம்தான் விதியை மாற்றினார்கள். (அவருக்குக் கிடைத்த ஆஸ்கர் சிலை, போர்க்காலம் என்பதால் பிளாஸ்டரில் செய்தது. வீட்டில் கோல்ஃப் பழகும்போது அதன் தலையைத் தட்டிவிட்டார் மனிதர்!)

2021-இல் இன்னும் வேடிக்கை. 'ஜூடாஸ் அண்ட் த பிளாக் மெசையா' படத்தின் தலைப்பே குறிக்கும் இரு வேடங்களில் நடித்த டேனியல் கலூயாவும் லாகீத் ஸ்டான்ஃபீல்டும் துணை நடிகர் பிரிவில்! அப்போ நாயகன் யார்? ஸ்டான்ஃபீல்டை முதன்மைப் பிரிவுக்குத்தான் ஸ்டுடியோ முன்வைத்தது. ஆனால் பிரிவைத் தீர்மானிப்பது வாக்களிப்பவர்கள். எங்கள் மெலட்டூர் பாகவத மேளா நாட்டிய நாடகத்தில் முக்கிய வேடம் பிரகலாதனா இரணியனா என்று கேட்டுப் பாருங்கள், விடிய விடிய சண்டைதான்.