பயிற்சிக்குப் பணம் சேரும் முன்னே பைலட் தியரி பரீட்சை எழுதலாமா?

கேள்வி: மண்டபம் பக்கம் எங்கள் ஊர். அப்பா விசைப்படகு ஓட்டுகிறார். பன்னிரண்டாம் வகுப்பில் இயற்பியல், கணிதம் படித்தேன். உச்சிப்புளி கடற்படைத் தளத்து ஹெலிகாப்டர்களைப் பார்த்தே வளர்ந்தவன். பறக்கும் பயிற்சிக்கு இப்போது வசதி இல்லை. விமானப் போக்குவரத்து இயக்குநரகமான டிஜிசிஏ நடத்தும் எழுத்துத் தேர்வுகளை மட்டும் முதலில் முடித்துவைக்கலாமா, வீண் வேலையா?

பதில்: தம்பி, படிப்பு வேறு, பரீட்சை வேறு. படிப்பதை இன்றைக்கே தொடங்குங்கள். பரீட்சையைப் பணத்துக்கு வழி தெரிந்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள். தேர்ச்சிக்குக் காலக்கெடு உண்டு. வேலைக்கு வேண்டிய வணிக விமானி உரிமத்துக்குக் குறைந்தது 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும்; பல லட்ச ரூபாய் விழுங்கும் வேலை அது. அந்தப் பணம் புரள்வதற்குள் கெடு முடிந்தால் மறுபடி எழுத வேண்டியதுதான். தியரி தேர்ச்சியை மட்டும் காட்டினால் யாரும் பைலட் வேலை தரமாட்டார்கள்.

எழுத வேண்டியவை: வழிசெலுத்தல், வானிலை, விமான விதிகள், தொழில்நுட்பத் தாள்கள். ஒவ்வொன்றிலும் 70 சதவீதம் எடுக்க வேண்டும். விமான ரேடியோவில் பேசுவதற்கான உரிமம் தனி. கேள்வி வங்கியை நெட்டுரு போட்டுத் தேறுகிறவர்கள் உண்டு. நீங்களும் அப்படித்தான் என்றால் உங்கள் உழைப்பு வீண் என்றே சொல்வேன்.

வானிலைத் தாளில் ஒன்றைப் பாருங்கள். விமானத்தின் உயரமானி அளப்பது உயரத்தை அல்ல, காற்றழுத்தத்தை. தரைக்குப் பக்கத்தில் ஒரு ஹெக்டோபாஸ்கல் (காற்றழுத்தத்தின் அலகு) மாறினால் கணக்கு ஏறத்தாழ 30 அடி மாறும். ஐப்பசி, கார்த்திகையில் வங்கக் கடலில் தாழ்வு மண்டலம் உருவாகி, அழுத்தம் 10 ஹெக்டோபாஸ்கல் குறைந்த பகுதிக்குள் நீங்கள் போகிறீர்கள், கருவியைத் திருத்தவில்லை. முள் 1000 அடி காட்டும். நீங்கள் இருப்பதோ 700 அடியில். மழை மறைத்த கடலுக்கு மேலே அந்த 300 அடிதான் உயிர். இதை மனப்பாடம் செய்தவன் பரீட்சை முடிந்ததும் மறப்பான். புரிந்தவனுக்குக் கை தானாகவே கருவியைத் திருத்தும் திருகுக்குப் போகும்.

வழிசெலுத்தலில் உங்களுக்குப் பாதி பாடம் வீட்டிலேயே இருக்கிறது. கச்சான் காற்று பக்கவாட்டில் தள்ளும்போது அப்பா படகின் அணியத்தை, அதாவது முன்பக்கத்தை, காற்றுப் பக்கம் கொஞ்சம் திருப்பிப் பிடிப்பார் அல்லவா? விமானியும் அதைத்தான் செய்கிறார், கோணத்தைக் கணக்குப் போட்டு. திசை ஒரு டிகிரி பிசகினால் 60 நாட்டிக்கல் மைல் தாண்டும்போது ஒரு மைல் விலகியிருப்பீர்கள். அப்பாவிடம் கேட்டுப் பாருங்கள், ஜிபிஎஸ் வருவதற்கு முன்னால் எப்படிக் கரை பிடித்தார்கள் என்று. (எந்தக் கோச்சிங் சென்டரிலும் இது கிடைக்காது.)

பிற்பாடு வெளிநாட்டில் பறந்து உரிமம் வாங்கினாலும், அதை இங்கே மாற்ற டிஜிசிஏ தேர்வு எழுதியாக வேண்டும். ஆகவே படித்தது எங்கும் போகாது.

புத்தகம் வாங்கும் முன் ஒரு வேலை: டிஜிசிஏ அங்கீகரித்த மருத்துவரிடம் ‘கிளாஸ் 2’ எனப்படும் மருத்துவப் பரிசோதனை. ஆள் திடமாக இருந்தும் நிறக்குருடு இருப்பது அங்கேதான் பலருக்குத் தெரியவரும். அப்படியே பத்தாம் வகுப்புச் சான்றிதழையும் ஆதாரையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒன்றில் இனிஷியல், மற்றதில் அப்பா பெயர் முழுதாக என்று இருந்தால் இப்போதே திருத்திவிடுங்கள். தேர்வுக்குப் பதியும் நேரத்தில் அந்த ஓர் எழுத்துக்காக அலைய வேண்டாம்.