52 கிராம் புராஸ்டேட்: ஆபரேஷன் அவசியமா?

கேள்வி: அப்பாவுக்கு வயது 67. இரவில் நாலைந்து முறை சிறுநீர் கழிக்க எழுகிறார். ஸ்கேனில் புராஸ்டேட் 52 கிராம், கழித்தபின் தங்கும் சிறுநீர் 60 மி.லி. இரண்டு மாதமாக, சிறுநீர் தடையின்றி வர உதவும் டாம்சுலோசின் மாத்திரை 0.4 மி.கி. சாப்பிடுகிறார். சிறுநீர் தடையில்லாமல் வருகிறது. இரவில் எழுவது மட்டும் குறையவில்லை. ஆபரேஷன் செய்துவிடலாமா? அடுத்த மாதம் கண்புரை ஆபரேஷனும் இருக்கிறது.

பதில்: கிராம் கணக்கை மட்டும் வைத்து ஆபரேஷன் முடிவு செய்வதில்லை. 30 கிராமிலேயே முக்கி முனகுபவர்கள் உண்டு. 90 கிராமிலும் தொந்தரவில்லாதவர்கள் உண்டு. சிறுநீர் அடைத்துக்கொண்டு டியூப் போட்டு, அதை எடுத்ததும் மறுபடி அடைப்பது, சிறுநீர்ப்பையில் கல், திரும்பத் திரும்பக் கிருமித்தொற்று, மருந்துக்கு நிற்காத ரத்தக்கசிவு, அடைப்பால் சிறுநீரகம் பாதிக்கப்படுவது, மருந்து கேட்காத தொந்தரவு: இவைதான் ஆபரேஷனுக்கான காரணங்கள். 60 மி.லி. தங்குவது பயப்படும் அளவல்ல.

வேகம் கூடியும் இரவுத் தொல்லை போகவில்லை என்றால், குற்றவாளி புராஸ்டேட்தானா என்று முதலில் பாருங்கள். அளவுக்கோடு போட்ட பிளாஸ்டிக் மக் ஒன்று வாங்கி, மூன்று நாள் ஒவ்வொரு முறையும் நேரத்தையும் அளவையும் குறித்து வையுங்கள். காலையில் எழுந்ததும் கழிப்பது இரவுக் கணக்கில் சேரும். படுக்கப்போகும்முன் கழிப்பது சேராது. 24 மணி நேரத்தில் 1,500 மி.லி., அதில் இரவில் மட்டும் 650 என்று வந்தால், மூன்றில் ஒரு பங்கைத் தாண்டிவிட்டது. சிறுநீரகமே இரவில் அதிகம் சுரக்கிறது. புராஸ்டேட்டைச் சுரண்டி எடுத்தாலும் இது குறையாது. கால் வீக்கம், சர்க்கரை, உப்பு கூடிய இரவுச் சாப்பாடு, குறட்டையோடு மூச்சு நின்று நின்று வரும் தூக்கம், நீர் பிரிக்கும் மாத்திரை சாப்பிடும் நேரம் என்று காரணத்தைத் தேட வேண்டும். கால் வீங்கியிருந்தால் பிற்பகலில் ஒரு மணி நேரம் காலை உயர்த்திப் படுக்கச் சொல்லுங்கள். மாத்திரை நேரத்தை டாக்டரிடம் கேட்டே மாற்றுங்கள்.

மாறாக, ஒவ்வொரு முறையும் 80, 100 மி.லி.தான் வருகிறது என்றால் பை தாங்கவில்லை என்று பொருள். அதற்கு மருந்து தனி.

52 கிராமுக்கு, புராஸ்டேட்டைச் சுருக்கும் ஃபினாஸ்டரைடு அல்லது டூட்டாஸ்டரைடு மாத்திரை சேர்ப்பதும் நியாயமே. சுரப்பி சுருங்க ஆறு மாதமாவது ஆகும். ஒரு மாதம் பார்த்துவிட்டு நிறுத்துவதுதான் பலர் செய்யும் தவறு. சிலருக்குத் தாம்பத்ய ஆசை குறையும். ஆரம்பிக்கும்முன் பி.எஸ்.ஏ. (புராஸ்டேட் புற்றுநோய்ச் சந்தேகத்தைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) பார்த்துவிடுங்கள். ஆறு மாதத்துக்குப்பின் அந்த அளவு ஏறக்குறையப் பாதியாகிவிடும். ரிப்போர்ட்டை இரண்டால் பெருக்கித்தான் படிக்க வேண்டும்.

கண் டாக்டரிடம் டாம்சுலோசின் பற்றி இப்போதே சொல்லிவிடுங்கள். இந்த மருந்தால் ஆபரேஷனின்போது கருவிழிப்படலம் (ஐரிஸ்) தொளதொளத்து, கண்மணி சுருங்கிவிடலாம். நாலு நாள் முன்பு நிறுத்தினாலும் போகாது. தெரிந்தால் அவர் அதற்கேற்பத் தயாராகிக்கொள்வார்.

சளி, மூக்கடைப்புக்குக் கடையில் சும்மா வாங்கும் மாத்திரை வேண்டாம். சூடோஎபிட்ரின், குளோர்ஃபெனிரமின் கலந்தவை சிறுநீரை முழுக்க அடைத்துவிடலாம். அடிவயிறு கல்லாகி, ஒரு சொட்டும் வரவில்லை என்றால் விடியும்வரை காத்திருக்காமல் அவசரப் பிரிவுக்குப் போங்கள்.