போர் எந்த ஆண்டில் தொடங்கியது? வரலாற்றுப் பாடமும் நாட்டுப் பாசமும்: கேள்வி பதில்

ஈரோடு மாவட்டத்து அரசுப் பள்ளிகளில் வரலாறு எடுத்து ஓய்வு பெற்றவன் நான். நாடுகள் தங்கள் பிள்ளைகளுக்கு வரலாற்றை எப்படித் தம் பக்கம் சாய்த்துச் சொல்கின்றன என்று நம் கொங்குப் பக்கத்து நண்பர்கள் கேட்டவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன். ஒரே மாதிரி வந்த கேள்விகளைச் சேர்த்துவிட்டேன். கட்சிச் சண்டைக்கு இழுத்தவற்றைத் தொடவில்லை.

காங்கேயம், பிளஸ் டூ மாணவர்: எல்லா நாட்டுப் புத்தகத்திலும் பொய்தான் இருக்குதுங்களா சார்?

பச்சைப் பொய் குறைவு தம்பி. அது சீக்கிரம் மாட்டிக்கொள்ளும். கதையை எங்கே தொடங்குவது, எதை விட்டுவிடுவது என்பதில்தான் கைவேலை நடக்கும். இரண்டாம் உலகப் போரையே எடுத்துக்கொள். நாம் படிப்பது 1939 செப்டம்பர் 1, ஜெர்மனி போலந்துக்குள் நுழைந்த நாள். ரஷ்யாவில் மனதில் பதிய வைப்பது 1941 ஜூன் 22, ஹிட்லர் அவர்கள் மேல் பாய்ந்த நாள். அங்கிருந்து தொடங்கும் போருக்கு ‘மாபெரும் தேசபக்திப் போர்’ என்று தனிப் பெயரே உண்டு. இதில் என்ன வசதி? 1939 ஆகஸ்டில் ஸ்டாலின் அரசு ஹிட்லரோடு ஒப்பந்தம் போட்டதும், செப்டம்பர் 17-ல் சோவியத் படை கிழக்குப் பக்கமாகப் போலந்துக்குள் போனதும் முன்கதையாகச் சுருங்கிவிடும். சீனாவில் ஜப்பானோடு நடந்த சண்டையை 1937-லிருந்து எண்ணி எட்டாண்டுப் போர் என்றார்கள். 2017-ல் அவர்கள் கல்வி அமைச்சகம் ஜப்பான் மஞ்சூரியாவுக்குள் புகுந்த 1931-லிருந்தே எண்ணச் சொன்னது, அதனால் அது பதினான்காண்டுப் போர் ஆயிற்று. அமெரிக்கர்களுக்கு 1941 டிசம்பர் 7, ஜப்பான் பேர்ல் ஹார்பரைத் தாக்கிய நாள். இதில் ஒரு தேதிகூடப் பொய்யில்லை என்பதுதான் விஷயம்.

திருப்பூர், பனியன் ஏற்றுமதித் தொழிலில் இருப்பவர்: ஜப்பான்காரர்களோடு வியாபாரம் பண்றோமுங்க, தங்கமான மனுசங்க. ஆனா போரில் செஞ்சதை பிள்ளைகளுக்கு மறைக்கிறாங்கன்னு சொல்றாங்களே?

மறைக்கப் பார்த்ததும் உண்டு, அதை எதிர்த்து அங்கேயே சண்டை போட்டதும் உண்டு. ஜப்பானில் பாடப் புத்தகங்களைத் தனியார் எழுதுவார்கள், அமைச்சகம் தணிக்கை செய்து ஒப்புதல் தரும். இயெனாகா சபுரோ என்ற வரலாற்றுப் பேராசிரியர் தன் புத்தகத்தில் கைவைத்ததற்காக 1965-ல் அரசின் மேல் வழக்குப் போட்டார். அடுத்தடுத்து மூன்று வழக்குகள், கடைசித் தீர்ப்பு வந்தது 1997-ல். தணிக்கை முறையே செல்லாது என்று நீதிமன்றம் சொல்லவில்லை. ஆனால் சீனாவில் கைதிகளை வைத்துச் சோதனை நடத்திய 731-ஆம் படைப்பிரிவு பற்றிய பகுதியை நீக்கச் சொன்னது சட்டவிரோதம் என்றது. முப்பது வருசத்துக்கு மேல் ஒரு மனிதர் கோர்ட் படி ஏறியிருக்கிறார்! 2001-ல் போர்க் குற்றங்களைப் பூசி மெழுகிய ஒரு புத்தகத்துக்கு ஒப்புதல் கிடைத்ததும் கொரியாவிலும் சீனாவிலும் கொந்தளிப்பு. ஆனால் அதை வாங்கிப் பாடம் நடத்திய ஜப்பானியப் பள்ளிகள் விரல் விட்டு எண்ணும் அளவுதான். அந்தப் பின்பாதியை நம் செய்திகளில் அதிகம் பார்த்திருக்க மாட்டீர்கள்.

சத்தியமங்கலம், மளிகைக் கடைக்காரர்: எங்க சொந்தம் பாதிப் பேர் சாம்ராஜ்நகர்ல. அங்க ஒருத்தர் திப்புவை மாவீரன்ங்கிறார், மைசூர் தாண்டி குடகுல கேட்டா வேற மாதிரி சொல்றாங்க. எதை நம்பறதுங்க?

இரண்டுமே நடந்தவை. ஆங்கிலேயரை எதிர்த்து 1799 மே 4-ல் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் சண்டையிலேயே செத்த அரசர் அவர். குடகிலும் மங்களூர்ப் பக்கத்துக் கிறிஸ்தவர்களிடையிலும் ஆட்களைக் கூட்டம் கூட்டமாகச் சிறைபிடித்துக் கொண்டுபோனதும் அவர் படைதான். விடுதலைப் போராட்டம் என்ற அத்தியாயத்தில் வைத்தால் முதல் பாதி மட்டும் தெரியும். கர்நாடகத்தில் 2015-ல் தொடங்கிய திப்பு ஜெயந்தி அரசு விழா 2019-ல் நிறுத்தப்பட்டது. ஆட்சி மாறினால் ஆள் மாறிவிடுவாரா என்ன?

நம் கதை இன்னும் சுவையானது. உங்கள் சத்தியமங்கலத்திலேயே 1790 செப்டம்பரில் திப்புவின் படையும் கம்பெனிப் படையும் மோதின. அன்றைக்குக் கொங்கு நாடு மைசூருக்கு வரி கட்டிக்கொண்டிருந்தது. அந்த வரிப் பணத்தை வழிமறித்துப் பறித்து, “சென்னிமலைக்கும் சிவன்மலைக்கும் நடுவில் ஒரு சின்னமலை பறித்தான் என்று போய்ச் சொல்” என்றவராகத்தான் தீரன் சின்னமலையை ஊர் வழக்கில் அறிகிறோம். அப்புறம் அதே சின்னமலை திப்புவோடு சேர்ந்து ஆங்கிலேயரை எதிர்த்தார். திப்பு போன பிறகும் ஓடாநிலையிலும் அரச்சலூரிலும் விடாமல் சண்டை போட்டார். 1805-ல் சங்ககிரிக் கோட்டையில் தூக்கிலிடப்பட்டார். ஒரு புத்தகத்தில் வரிப்பணக் கதையை மட்டும் போட்டால் அவர் மைசூருக்கு எதிரி, இன்னொன்றில் பின்பாதியை மட்டும் போட்டால் மைசூரின் தோழர். ஆள் ஒருவர்தான். காலம் மாறியது, எதிரி மாறினான், அவ்வளவுதான்.

கோவை, ஓய்வு பெற்ற வங்கி ஊழியர்: பேரன் அமெரிக்காவில் படிக்கிறான். உள்நாட்டுப் போர் ‘மாநில உரிமைக்காக’ நடந்தது என்கிறான். சரிதானா?

தென் மாநிலங்களில் நெடுங்காலம் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்கள். 1861-ல் மிசிசிப்பி மாநிலம் பிரிந்துபோகக் காரணம் சொல்லி வெளியிட்ட அறிக்கையை அவனைப் படிக்கச் சொல்லுங்கள். தங்கள் நிலைப்பாடு அடிமை முறையோடு பின்னிப் பிணைந்தது என்று தொடக்கத்திலேயே எழுதிவைத்திருக்கிறார்கள். அதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது.

கரூர், கல்லூரி மாணவி: மத்தவங்களைச் சொல்றீங்க. சோழர் பாடத்துல நாம செய்யறது என்னங்க அய்யா?

இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். நாம் எப்படிப் படித்தோம்? ராஜராஜன் ஈழம் வென்றான், ராஜேந்திரன் 1025-ல் கடல் கடந்து கடாரம் கொண்டான். பரீட்சையில் அதற்கு மதிப்பெண், மேடையில் அதற்குக் கைதட்டல். இப்போது இலங்கையின் அனுராதபுரத்தில் ஒரு பிள்ளை படிப்பதை யோசித்துப் பார். அவளுக்கு அது பல நூற்றாண்டுத் தலைநகரம் அழிந்த கதை. 1017-ல் அரசன் ஐந்தாம் மகிந்தனை மணிமுடியோடு சேர்த்துப் பிடித்துப் போனார்கள், அவன் சோழ நாட்டிலேயே செத்தான். 1070 வாக்கில் சோழரை விரட்டிய விஜயபாகுதான் அவளுக்கு நாயகன். அவன் பெயர் நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

பௌத்த விகாரங்களை உடைத்துச் சோழப் படை கொள்ளையடித்ததாக இலங்கையின் பழைய வரலாற்று நூலான சூளவம்சம் சொல்கிறது. அதை எழுதியவர்கள் பிக்குகள், அவர்களுக்கும் ஒரு பக்கம் உண்டு. ஆனால் நாம் சான்று காட்டும் மெய்க்கீர்த்தி மட்டும் என்ன, அரசன் தன்னைப் பற்றித் தானே வெட்டிவைத்த விளம்பரம்தானே. இரண்டையும் ஒரே தராசில் வைக்க வேண்டும்.

அவ்வளவு தூரம்கூடப் போக வேண்டாம், கரூரில் இருந்துகொண்டே பார்க்கலாம். முதலாம் ஆதித்தன் சிதம்பரத்துச் சிற்றம்பலத்துக்குப் பொன் வேய்ந்தான் என்று பெருமையாகச் சொல்வோம். பொன் எங்கிருந்து போனது? கொங்கிலிருந்து. அவனை ‘கொங்கிற் கனகம் அணிந்த ஆதித்தன்’ என்று நம்பியாண்டார் நம்பியே பாடியிருக்கிறார். பணிய வைக்கப்பட்ட நாட்டின் தங்கம் அது. கொங்குப் பிள்ளைகள் தஞ்சாவூர்க் கண்ணால் அந்தக் கூரையைப் பார்த்துப் பூரித்துப்போகிறோம். பூரிக்கட்டும், தப்பில்லை. யார் வீட்டுத் தங்கம் என்றும் தெரிந்திருந்தால் போதும்.

பொள்ளாச்சி, தென்னை விவசாயி: 1965 போர்ல ஜெயிச்சது யாருங்க?

இங்கே நாம், அங்கே அவர்கள். பாகிஸ்தானில் செப்டம்பர் 6 பாதுகாப்பு நாள் விழா நடக்கிறது. 1966 ஜனவரியில் தாஷ்கண்டில் கையெழுத்துப் போட்டு இரு படைகளும் பழைய இடத்துக்கே திரும்பின.

கோபிசெட்டிபாளையம், ஆசிரியை: இரண்டு நாடு சேர்ந்து ஒரே புத்தகம் எழுதியதாகப் படித்தேன். நிஜமா?

நிஜம்தானம்மா. பிரான்சும் ஜெர்மனியும் மேல்நிலை வகுப்புகளுக்கு ஒரே வரலாற்றுப் புத்தகம் எழுதி 2006-ல் முதல் பாகம் கொண்டுவந்தார்கள், ஒரே உள்ளடக்கம் இரு மொழிகளில். யோசனை கிளம்பியது 2003-ல் இரு நாட்டு மாணவர்கள் கூடிய ஒரு கூட்டத்தில். ஆனால் அதற்கு முன்னால் பல பத்தாண்டுகள் இரு நாட்டு ஆசிரியர்களும் ஒருவர் புத்தகத்தை ஒருவர் திருத்திக்கொண்டிருந்தார்கள். ஜெர்மனிக்குப் போலந்தோடும் 1972 முதல் அப்படி ஒரு குழு உண்டு. இந்தியாவும் பாகிஸ்தானும் என்று கேட்பீர்கள். விசாவே கிடைக்காத இடத்தில் புத்தகம் எங்கே? இலங்கையோடு தொடங்கலாம் என்பது என் எண்ணம்.

மேட்டுப்பாளையம், வாசகர்: சொந்த நாட்டைக் குறை சொன்னாத்தான் நடுநிலைன்னு ஆகிப்போச்சு. நாட்டுப்பற்று தப்பா?

தப்பென்று எங்கே சொன்னேன்? 1943 வங்கப் பஞ்சத்தில் சுமார் முப்பது லட்சம் பேர் செத்ததை ஒரு பிரிட்டிஷ் மாணவன் படிக்காமலே பள்ளியை முடித்தால் உங்களுக்கும் எனக்கும் கோபம் வரும். வர வேண்டும். அந்தக் கோபத்தை நம் பக்கமும் திருப்பச் சொல்கிறேன். 2023-ல் மத்திய அரசின் பாடநூல் அமைப்பான என்சிஇஆர்டியின் பன்னிரண்டாம் வகுப்புப் புத்தகத்தில் முகலாய அரசவை பற்றிய அத்தியாயத்தை எடுத்தார்கள். பாடச்சுமை என்றார்கள். செங்கோட்டையில் கொடியேற்றுவதைப் பார்க்கும் பிள்ளை இதைக் கட்டியவன் யார் என்று கேட்டால் என்ன செய்வது?

சென்னிமலை, நெசவாளர்: எங்க பக்கத்துல கொடுமணல் இருக்குது. பெரிய பாடத்துல அதுக்கு ஏன் இடம் குறைவு?

அங்கே ராஜா இல்லை, அதுதான் காரணம். நொய்யல் கரையில் கல்மணி கோர்த்தவர்களும் இரும்பு உருக்கியவர்களும் வாழ்ந்த ஊர். பானை ஓடுகளில் தமிழ் எழுத்தில் தங்கள் பெயரைக் கீறி வைத்திருக்கிறார்கள். அவற்றில் பிராகிருதச் சாயல் கொண்ட பெயர்களும் உண்டு. வடக்கிலிருந்து வந்தவர்களும் இங்கே கலந்து வாழ்ந்தார்கள் போலிருக்கிறது. வடக்கைப் பெரிதாக்குகிறவருக்கும் வசதிப்படாது, தனித்தமிழ்ப் பெருமை பேசுகிறவருக்கும் வசதிப்படாது.

பெருந்துறை, பட்டதாரி ஆசிரியர்: பரீட்சைக்குப் புத்தகத்தில் உள்ளதைத்தானே எழுத வைக்க முடியும்?

ஆமாம், அதை எழுத வையுங்கள். பிள்ளை மதிப்பெண்ணோடு விளையாடாதீர்கள். திருப்புதல் முடிந்த பிறகு ஒரு பீரியட் எடுங்கள். சோழர் பாடத்தின் ஒரு பக்கத்தை அனுராதபுரத்து மாணவியின் நோட்டில் இருப்பதுபோல் எழுதச் சொல்லுங்கள். தேதியையும் பெயரையும் மாற்றக் கூடாது என்பது மட்டும் விதி.