பிழையைக் காட்டும் முன் பதிலைச் சொல்லுங்கள்

கேள்வி: கோபிசெட்டிபாளையம் பக்கம் தமிழ்வழியில் படித்தவன் நான். கோவை சரவணம்பட்டியில் மென்பொருள் வேலை. நிரலாளர்கள் கூடும் இணைய விவாதத்தில் ஒரு சந்தேகம் கேட்டேன். ஒருவர் என் ஆங்கிலத்தில் மூன்று பிழைகளைக் காட்டிவிட்டுப் போய்விட்டார். கேட்டதற்குப் பதில் இல்லை. அவருக்கு என்ன எழுதுவது? என்னிடம் வேலை கற்கும் இளையவர்களின் பிழைகளை நான் திருத்தலாமா?

பதில்: உங்கள் பக்கத்து ஊர்க்காரர் ஒருவரையே துணைக்கு அழைக்கிறேன். நன்னூல் தந்த பவணந்தி முனிவரின் சனகாபுரம், பெருந்துறைக்கு அருகிலுள்ள சீனாபுரம்தான் என்று கொங்குநாட்டில் சொல்வார்கள். நூலுக்கு ஆகாத குற்றங்கள் என்று அவர் பத்தைச் சொல்கிறார். அவற்றில் சொற்பிழைக்கு உரியது 'வழூஉச்சொற் புணர்த்தல்' என்ற ஒன்றுதான். முதலில் நிற்பது 'குன்றக் கூறல்', அதாவது சொல்ல வேண்டியதைக் குறைத்துச் சொல்வது. 'மற்றொன்று விரித்தல்', அதாவது எடுத்த பொருளை விட்டு வேறொன்றை விரித்துப் பேசுவது, அதே வரிசையில் வருகிறது. நிரல் ஓடவில்லை என்று வந்தவரிடம் இலக்கணம் மட்டும் பேசிவிட்டுப் போனவர் செய்தது இந்தக் குற்றத்தைத்தான்.

ஆனாலும் 'நன்றி, திருத்திவிட்டேன்' என்று ஒரு வரி எழுதுங்கள், திருத்தவும் செய்யுங்கள். அடுத்த வரியில் கேள்வியை மறுபடி வையுங்கள். ஆங்கிலம் உங்கள் தாய்மொழி இல்லை என்ற விளக்கம் வேண்டாம். அது பேச்சை நிரலிலிருந்து உங்கள் மேல் திருப்பிவிடும்.

பிறகு, குன்றக் கூறல் உங்களிடம் இருக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலான கேள்விகளுக்குப் பதில் வராததற்கு இலக்கணத்தைவிட இதுதான் காரணம் என்பது என் அனுபவம். எந்தப் பதிப்பு, என்ன செய்தீர்கள், என்ன எதிர்பார்த்தீர்கள், என்ன வந்தது என்பதெல்லாம் வேண்டும். பிழைச்செய்தியை எழுத்துக்கு எழுத்து அப்படியே ஒட்டுங்கள். அதில் ஆங்கிலப் பிழை இருந்தாலும் கைவைக்காதீர்கள். நாளை இன்னொருவர் அந்த வரியைத் தேடித்தான் உங்கள் கேள்விக்கு வந்து சேர்வார்.

எழுத்துப்பிழை அற்பம் என்று சொல்ல வரவில்லை. பயனர் எந்தப் பக்கத்திலிருந்து வந்தார் என்று உலாவி சர்வரிடம் தெரிவிக்கும் தலைப்புக்கு 'ரெஃபரர்' என்று பெயர். அதன் நடுவில் இரண்டு 'ஆர்' வர வேண்டும். உலாவியும் சர்வரும் பேசிக்கொள்ளும் நெறிமுறையான எச்டிடிபி 1.0க்கு 1996இல் வெளியான ஆவணத்தில் ஒன்றுதான் இருந்தது. இன்றும் அப்படியேதான் போகிறது. யூனிக்ஸ் என்ற இயக்கமுறைமையில் கோப்பை உருவாக்கும் 'கிரியேட்' அழைப்புக்குக் கடைசி 'இ' கிடையாது. மறுபடி யூனிக்ஸை உருவாக்கினால் எதை மாற்றுவீர்கள் என்று கேட்டபோது, அந்த 'இ'யைச் சேர்ப்பேன் என்றார் அதை உருவாக்கியவர்களில் ஒருவரான கென் தாம்சன். பிறருடைய நிரல்கள் ஒரு பெயரை நம்பத் தொடங்கிவிட்டால் அதிலுள்ள பிழையை எடுப்பது மிகக் கடினம்.

ஆகவே இளையவர்களின் செயற்கூற்றுப் பெயர், தரவுத்தள நெடுவரிசைப் பெயர், வாடிக்கையாளர் கண்ணில் படும் செய்தி ஆகியவற்றில் தயங்காமல் திருத்துங்கள். 'நீக்கப்படாது' என்பது 'நீக்கப்படும்' என்று மாறியிருந்தால் எல்லோரும் பார்க்கும்படி உடனே சொல்லுங்கள். அவசர உரையாடலில் எழுந்த ஒருமை பன்மைத் தவறை விட்டுவிடலாம்.

நேரில் 'ஏனுங்க' என்று தொடங்கி ஒவ்வொரு வினைக்கும் ஒரு 'ங்க' சேர்ப்பவர்கள் நாம். ஆங்கிலத்தில் எழுதும்போது அந்த மரியாதைக்கு இடம் தெரியாமல் மொட்டையாக விட்டுவிடுகிறோம். நட்சத்திரக் குறியிட்டு ஒற்றைச் சொல்லைத் திருத்திப் போட்டால் அதட்டலாகத்தான் படும். முதலில் நிரலின் தர்க்கத்தைப் பற்றிச் சொல்லுங்கள். எழுத்துப்பிழையைச் 'சிறு திருத்தம்' என்று குறித்து, சரியான வடிவத்தையும் நீங்களே எழுதிக் கொடுங்கள். ஒரே பிழை ஐந்து இடத்தில் இருந்தால் ஒருமுறை சொன்னால் போதும். ஒருவருக்கு அதே தவறு திரும்பத் திரும்ப வந்தால் தேநீர் வேளையில் தனியே சொல்லுங்கள்.

நிரலின் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட்டில், ஒவ்வொரு பதிவோடும் எழுதும் குறிப்பான கமிட் செய்தியிலுள்ள பிழையை மட்டும், அது எல்லோரும் பகிரும் பொதுக் கிளைக்குப் போகும் முன்பே சொல்லிவிடுங்கள். போன பிறகு திருத்தினால் கமிட்டின் அடையாளக் குறியே மாறி, மற்றவர்களின் பிரதிகளோடு முரண்படும். அதன்பின் கண்ணில் பட்டால், அப்படியே இருக்கட்டும்.