எட்டுக்கு நாலு பலகையை முதலில் அறுங்கள்

கேள்வி: எனக்கு 43 வயது. திருச்சியில் வங்கி வேலை. மூன்று வருடங்களுக்கு முன் எச்.ஓ. (நிஜ ரயிலில் 87-ல் ஒரு பங்கு அளவு) மாடல் ரயிலுக்காக எட்டுக்கு நாலு அடி பிளைவுட் வாங்கினேன். நடுவில் மலைக்கோட்டை, அதைச் சுற்றி இரட்டை லூப் என்று பென்சிலில் வரைந்தும் வைத்தேன். கையில் 6 பாயிண்ட் (தண்டவாளம் இரண்டாகப் பிரியும் துண்டு), 12 ஃப்ளெக்ஸ் டிராக் (வளைத்துப் போடும் டிராக்), ஒரு டீசல் என்ஜின், 8 பாக்ஸ்-என் (திறந்த சரக்கு) வேகன் இருக்கின்றன. பலகை கட்டிலுக்கு அடியில் கிடக்கிறது. வாரத்தில் மூன்று இரவு, 9.30 முதல் 10.15 வரைதான் எனக்குக் கிடைக்கும் நேரம். இதுவரை ஆறடி டிராக்கூடப் பதிக்கவில்லை. மீதியைத் தானே கட்டித் தருவதாக ஒருவர் சொல்லி, பாதிப் பணம் முன்னதாகக் கேட்கிறார். கொடுக்கலாமா? இல்லை, நேரம் கண்டுபிடிக்க வேறு வழி இருக்கிறதா?

பதில்: உங்களுக்கு நேரம் இருக்கிறது. வாரத்துக்கு மூன்று இரவு, தலா முக்கால் மணி என்றால் 135 நிமிடம், வருடத்துக்கு 117 மணி நேரம். ஆனால் ஒவ்வொரு இரவும் கட்டிலுக்கு அடியிலிருந்து பலகையை இழுத்து, தூசி தட்டி, பெட்டிகளைப் பிரித்து, சால்டரிங் அயர்னைத் தேடி எடுக்க 20 நிமிடம் போகும். திரும்ப அடுக்கி வைக்க இன்னொரு 10 நிமிடம். வேலைக்கு மிஞ்சுவது 15. வருடக் கணக்கில் 117 மணி 39 மணியாகிவிடுகிறது. விடியற்காலையில் எழுவது, டைம்-டேபிள் போடுவது எல்லாம் இந்த ஓட்டையை அடைக்காது. விரித்தபடியே இருக்கக்கூடிய லே-அவுட் ஒன்றுதான் அடைக்கும்.

அதனால் அந்தப் பலகையை அறுங்கள். 2440-க்கு 1220 மி.மீ., 12 மி.மீ. கனம், எடை இருபது கிலோவுக்கு மேல். ஒரு ஆள் ராத்திரியில் சத்தமில்லாமல் இழுக்கும் பொருள் அல்ல அது. சுவரோரம் போட்டாலும் நாலடி அகலத்துக்கு அந்தப் பக்கம் கை எட்டாது. இரண்டரை அடிக்கு மேல் குனிந்து எட்டிச் செய்யும் எந்த வேலையும் கோணலாகத்தான் முடியும். இன்னொன்று, நாலடிக்குள் இரட்டை லூப் போட்டால் உள் வளைவின் ஆரம் 18 அங்குலம் அளவில்தான் வந்து நிற்கும். எல்.எச்.பி. என்ற நீளமான பயணிகள் பெட்டி எச்.ஓ.வில் 27 செ.மீ. நீளம். அந்த வளைவில் அதன் நடுவயிறு உள்ளே போகும், மூலை வெளியே துருத்தும், பக்கத்து லூப்பில் வரும் வண்டியை இடிக்கும். இரட்டை லூப் வரைந்த பலருக்கு இது தெரிய வருவது டிராக்கை ஒட்டிய பிறகு. மலைக்கோட்டை இப்போதைக்கு வேண்டாம். மனசு கேட்காது, ஆனாலும் வேண்டாம்.

பதிலாகப் பொன்மலைப் பக்கம் இருப்பது மாதிரி ஒரு சின்ன ஷண்டிங் யார்டு, அதாவது வேகன்களைப் பிரித்துக் கோக்கும் இடம், போடுங்கள். ஆங்கிலேய மாடல்காரர் ஆலன் ரைட் அமைத்த 'இங்கிள்நூக்' என்ற ஏற்பாடு உலகம் முழுக்க இடமும் நேரமும் இல்லாதவர்கள் கட்டுவது. இரண்டே பாயிண்ட், மூன்று சைடிங் (வேகன் நிறுத்தும் கிளைத் தடம்). ஒன்றில் 5 வேகன் நிற்கும், மற்ற இரண்டில் மும்மூன்று. முன்பக்க ஷண்டிங் நெக்கில், அதாவது என்ஜின் முன்னும் பின்னும் போய்வரும் ஒற்றைத் தடத்தில், என்ஜினும் 3 வேகனும் மட்டுமே அடங்க வேண்டும், நாலாவது வேகனுக்கு இடம் இருக்கக் கூடாது. 8 வேகனில் 5-ஐச் சீட்டுக் குலுக்கி எடுத்து, வந்த வரிசையிலேயே கோக்க வேண்டும் என்பது விளையாட்டு. சாத்தியமான வரிசைகள் 6,720. உங்களிடம் சரியாக 8 வேகன் இருக்கிறது, இனி வேகன் ஒன்றும் வாங்கத் தேவையில்லை.

அளவு இது. பாக்ஸ்-என் ஒரு முனைக் கப்ளரிலிருந்து (இணைப்புக் கொக்கி) மறுமுனைக் கப்ளர் வரை எச்.ஓ.வில் 123 மி.மீ. ஐந்துக்கு 615, மூன்றுக்கு 370. உங்கள் டீசல் பெரிய ஆல்கோ வகை என்றால் ஏறக்குறைய 197, ஆக நெக்கின் நீளம் 580. மீடியம் ரேடியஸ் பாயிண்ட் ஒன்று 219. பாயிண்டைத் தாண்டி, பக்கத்து வண்டி உரசாமல் நிற்க 90 விடுங்கள். எல்லாம் கூட்டி, பலகை மூட்டுக்கும் கடைசித் தடுப்புக்கும் இடம் விட்டால் 2100 மி.மீ.க்குள் முடிந்துவிடும். அதை 1050-க்கு 300 அளவில் இரண்டு பலகையாகச் செய்யுங்கள். இரண்டு பாயிண்டும் மூட்டின் மேல் விழாமல் ஆளுக்கொரு பலகையில் உட்காரட்டும். இருக்கிற பிளைவுட்டிலேயே மேல்பலகை இரண்டும், கீழ்ச் சட்டத்துக்கு 75 மி.மீ. பட்டைகளும் கிடைத்துவிடும். பிளைவுட் கடையில் மெஷினில் அறுத்து வாங்குங்கள். கை ரம்பத்தில் இறங்கினால் அதிலேயே இரண்டு வாரம் போகும், மூலையும் நேராக இருக்காது. முடிந்த பலகை ஒன்று நாலு கிலோதான் வரும். சுவரில் ஷெல்ஃப் பிராக்கெட் அடித்து, நெஞ்சு உயரத்தில் வைத்துவிடுங்கள். மேலே ஒரு பழைய வேட்டி. வேட்டியை எடுத்தால் வேலை தொடங்கிவிட வேண்டும்.

இனி அந்த 45 நிமிடம். ஒரு வேலைக்கு ஒரு தட்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். சால்டரிங் சாமான் ஒரு தட்டில், ஒட்டும் சாமான் இன்னொன்றில். பெட்டிக்குள் போட்டு மூட வேண்டாம். ஒட்டுகிற வேலை எதுவானாலும் கடைசி ஐந்து நிமிடத்தில் செய்யுங்கள். ஃபெவிகால் காயும் நேரத்தில் நீங்கள் தூங்கிக்கொண்டிருக்க வேண்டும். 9.35-க்கு டிராக்குக்கு அடியில் வரும் கார்க்கை ஒட்டிவிட்டு, அது காய்வதற்காக உட்கார்ந்து போனைப் பார்க்கிற இரவுகள்தான் மூன்று வருடத்தைத் தின்கின்றன. எழுந்திருக்கும் முன் மறுநாள் முதல் வேலையை ஒரு துண்டுச் சீட்டில் எழுதிப் பலகை மேல் வையுங்கள். 'டிராக் போடணும்' என்று எழுதினால் உதவாது. 'இரண்டாம் சைடிங், 460-ல் வெட்டி, முனை ராவ வேண்டும்' என்று இருக்கட்டும்.

டிராக்கை முதலில் பின் அடித்து மட்டும் நிறுத்துங்கள், ஒட்டாதீர்கள். ஜாயினர் (இரண்டு தண்டவாளத்தை இணைக்கும் கிளிப்) உள்ள இடங்களில் ஒரு விசிட்டிங் கார்டு கனத்துக்கு இடைவெளி வேண்டும். ஒரு மீட்டர் தண்டவாளம் 20 டிகிரி சூட்டுக்கு அரை மி.மீ.க்கும் குறைவாகத்தான் நீளும், ஆனால் ஐப்பசி ஈரத்தில் பிளைவுட்டும் சேர்ந்து அசையும். இடைவெளி இல்லாவிட்டால் டிராக் பாம்பு மாதிரி நெளிந்துவிடும். பலகை மூட்டில் ஜாயினர் போடாதீர்கள். இரண்டு பக்கமும் பித்தளைத் திருகை இறக்கி, அதன் தலையில் தண்டவாளத்தைப் பற்றவைத்துவிட்டு, பிறகு மெல்லிய ரம்பத்தால் அறுக்க வேண்டும். பலகைகளை 6 மி.மீ. போல்ட்டும் சிறகு நட்டும் பிடித்துக்கொள்ளும். பாயிண்டுக்கு மோட்டார் தேவையில்லை. உள்ளேயே ஸ்பிரிங் இருக்கும் வகை என்றால் விரலால் தள்ளினாலே போதும், எட்டுகிற தூரத்தில்தானே இருக்கிறது. வேகனைக் கழற்ற முனை சீவிய மூங்கில் குச்சி போதும்.

இதுவரை சொன்னதையெல்லாம் இரவுக்குக் கொஞ்சமாகச் செய்யலாம், அதற்கு ஒரு விலக்கு உண்டு. ஒயரிங். அதை ஒருபோதும் முக்கால் மணி முக்கால் மணியாகச் செய்யாதீர்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மூன்று மணி நேரம் வீட்டில் சொல்லிவிட்டு உட்காருங்கள். உங்கள் யார்டில் ஒவ்வொரு டிராக் துண்டுக்கும் ஒரு ஜோடி என்று 7 ஜோடி, 14 ஒயர் கீழே இறங்கும். பாதியில் நிறுத்திவிட்டு மூன்று நாள் கழித்துப் பலகையைத் திருப்பினால் இடம் வலமாக மாறியிருக்கும். எது முன் தண்டவாளம், எது பின் தண்டவாளம் என்று குழம்பி ஒரு ஒயரை மாற்றி இணைப்பீர்கள். ஒன்று மாறினால் போதும், கன்ட்ரோலரைப் போட்டதும் ஷார்ட். பதினாலில் எது தவறு என்று கண்டுபிடிக்க எல்லாவற்றையும் கழற்ற வேண்டியிருக்கும். பலர் பலகையைக் கட்டிலுக்கு அடியில் தள்ளுவது அந்த இரவில்தான்.

முறை இது. என்ஜினை டிராக்கிலிருந்து எடுத்துவிடுங்கள், இல்லையென்றால் இணைப்பு இருந்தால் கத்தும் மல்டிமீட்டர் அதன் மோட்டார் வழியாகவே பொய்யாகக் கத்தும். உங்களுக்கு அருகிலுள்ள தண்டவாளம் எல்லாம் சிவப்பு, சுவர்ப் பக்கம் எல்லாம் கறுப்பு. கீழே நீளவாக்கில் 1.5 சதுர மி.மீ. ஒயர் இரண்டு, இறங்கும் ஒயர் 0.5. பற்றவைக்க 40 முதல் 60 வாட் அயர்ன் வேண்டும். 25 வாட்டில் மெதுவாகச் சூடேற்றினால் ஈயம் பிடிப்பதற்குள் அடியிலுள்ள பிளாஸ்டிக் ஸ்லீப்பர் உருகிவிடும். இரண்டு பக்கமும் ஈரப் பஞ்சு வைத்து, மூன்று எண்ணுவதற்குள் எடுத்துவிடுங்கள். ரோசின் உள்ள ஈயக் கம்பி போதும். தகரப் பட்டறை ஆசிட் தொட்டால் சில மாதத்தில் பச்சை பூக்கும். ஒவ்வொரு ஜோடி முடிந்ததும் சிவப்புக்கும் கறுப்புக்கும் இடையில் மல்டிமீட்டர் வையுங்கள். கத்தினால் கடைசியாகப் பற்றவைத்த ஜோடிதான் தவறு, வேறெங்கும் தேட வேண்டாம். பாயிண்டின் கிராசிங் (தண்டவாளங்கள் குறுக்கே சேரும் முனை) உலோகமாக இருந்தால், அதிலிருந்து வெளியே போகும் உள் தண்டவாளங்கள் இரண்டிலும் பிளாஸ்டிக் ஜாயினர் போட மறக்காதீர்கள். போடாமல் விட்டால் ஒயரிங் எல்லாம் சரியாக இருந்தும் மீட்டர் கத்தும்.

டி.சி.சி. (ஒவ்வொரு என்ஜினையும் தனித்தனியாக இயக்கும் டிஜிட்டல் முறை) வேண்டுமா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கடைக்காரர் கேட்பார். ஒரு என்ஜின் ஓடும் யார்டுக்கு சாதாரண 12 வோல்ட் டி.சி. கன்ட்ரோலர் போதும். 'நேரம் மிச்சமாகும்' என்று அவர்கள் விற்பவை பெரும்பாலும் உங்களுடைய இன்னும் நாலு இரவைத் தின்பவை.

கடைகளில் பிரிட்டிஷ் மாடல்களைத் தலையில் கட்டுவார்கள், கவனம். அவை ஓ.ஓ., 1:76. உங்களுடையது 1:87. இரண்டும் ஒரே 16.5 மி.மீ. டிராக்கில் ஓடும் என்பதால் 'ரெண்டும் ஒண்ணுதான்' என்பார்கள். பக்கத்தில் நிறுத்திப் பார்த்தால் ஒன்று அண்ணன், ஒன்று தம்பி. 'கொஞ்சமாக ஓட்டியது' என்று வரும் பழைய என்ஜினை ஓட விட்டுக் காட்டச் சொல்லுங்கள். சீராகப் போகாமல் சக்கரச் சுற்றுக்கு ஒரு முறை டக் டக் என்று குதித்தால் அச்சிலுள்ள பிளாஸ்டிக் பல்சக்கரம் விரிசல் விட்டிருக்கிறது. அதைச் சரிசெய்கிற வேலை உங்கள் இரண்டு மாத இரவுகளை விழுங்கும்.

'வெளிநாட்டிலிருந்து கிஃப்ட் என்று எழுதி அனுப்பச் சொல்கிறேன், வரி கிடையாது' என்பவரிடம் மட்டும் போகவே போகாதீர்கள். பரிசு என்ற பெயரில் அஞ்சலிலும் கூரியரிலும் வருவதை 2019 டிசம்பரிலேயே தடை செய்துவிட்டார்கள். விலக்கு உயிர்காக்கும் மருந்துக்கும் ராக்கிக்கும்தான். முழு வரி கட்டினால் எடுக்கலாம். ஆனால் பொட்டலம் பிடிபட்டால் பதில் சொல்ல வேண்டியது முகவரியில் பெயர் உள்ள நீங்கள், அவர் அல்ல. வரி என்ன என்று கேட்டால் அது தனி வேதனை. சுங்க அட்டவணையில் 9503 என்ற ஒரே தலைப்பில் நடை வண்டியும் பொம்மையும் ஸ்கேல் மாடலும் ஒன்றாக உட்கார்ந்திருக்கின்றன. அந்தத் தலைப்புக்கு 2020-ல் 20 சதவீதத்திலிருந்து 60 ஆக்கினார்கள், 2023-ல் 70 ஆக்கினார்கள், அதன் மேல் கூடுதல் வரிகள் வேறு. 2021 ஜனவரி முதல் பொம்மைகளுக்குப் பி.ஐ.எஸ். (இந்தியத் தரநிலை அமைப்பு) முத்திரை கட்டாயம். அந்த ஆணை பேசுவது 14 வயதுக்கு உட்பட்டவர்கள் விளையாடும் பொருளைப் பற்றி. ஆனால் 43 வயது வங்கி ஊழியர் தன் பாயிண்ட் குழந்தைப் பொம்மை அல்ல என்று கவுண்டரில் நின்று விளக்க வேண்டிய நிலை வரலாம். யார் எழுதிய அட்டவணையோ, எப்போது பிரிப்பார்களோ. அதனால்தான் கையில் இருப்பதை வைத்தே முடிக்கச் சொல்கிறேன். உங்களுக்கு மிஞ்சும் நாலு பாயிண்டும் பாதிக்கு மேற்பட்ட டிராக்கும் பத்திரமாக இருக்கட்டும், அதே சாமான் இனி அதே விலைக்கு வராது.

ஜல்லி போடும் வேலையைக் கடைசிக்குத் தள்ளுங்கள். யார்டு இரண்டு வாரம் தடம் புரளாமல் ஓடட்டும். புரளும் இடம் பெரும்பாலும் ராவாமல் விட்ட ஜாயினர் முனை, விரல் நகத்தால் தடவினாலே தெரியும். பிறகு ஃபெவிகாலும் தண்ணீரும் சரிபாதி, ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் திரவம் கலந்து ஊற்றி, ஒரு நாள் முழுக்கத் தொடாமல் விடுங்கள். பாயிண்டின் அசையும் பகுதியில் ஒரு துளியும் படக் கூடாது.

முன்பணம் கேட்பவரைப் பற்றி. வரைபடம், சாமான் பட்டியல், எந்தத் தேதியில் எது முடியும் என்று எழுதிக் கொடுக்காதவருக்கு ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள். எழுதிக் கொடுப்பவர் என்றாலும், அறுத்த பலகை இரண்டும் வீட்டுக்கு வந்து, முதல் பாயிண்ட் வழியாக என்ஜின் ஓடிய பிறகு அவரிடம் பேசுங்கள்.