அலையாத்தியை வெட்டினால் மூன்றாம் சுற்றில் வெள்ளம்

சிதம்பரம் பக்கத்திலிருந்து ஒரு தாயும் பிளஸ் டூ படிக்கும் மகனும் மேற்படிப்புக்கு என்னிடம் ஆலோசனை கேட்டு வந்திருந்தார்கள். “எந்நேரமும் கேம்தான் சார்” என்று அம்மா கண்கலங்கினார். தாய்மாமன் நிர்வாக ஒதுக்கீட்டில் பொறியியல் இடம் பேசிவைத்துவிட்டார். பணத்துக்கு ஒன்றரை ஏக்கர் நிலம் அடமானத்துக்குப் போக வேண்டும்.

ஆறுதல் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் பையன் மடிக்கணினியைத் திறந்தான். கோடோ என்ற இலவச மென்பொருளில் அவனே செய்த விளையாட்டு. பிச்சாவரம் போல ஒரு கழிமுகம். அலையாத்தி மரங்களை வெட்டி இறால் குட்டை போட்டால் காசு மளமளவென ஏறுகிறது. மூன்றாம் சுற்றில் புயல். மரம் நின்ற கரை தப்புகிறது. வெட்டிய பக்கம் உப்புநீர் வயலுக்குள் ஏறிவிடுகிறது. நானும் ஆடினேன், மூழ்கினேன். முதலில் அடுத்த சுற்றிலேயே புயலை வைத்திருந்தானாம். “உடனே அடித்தால் யாரும் வெட்ட மாட்டார்கள் சார். தள்ளி வந்தால்தான் ஆசை வருகிறது.”

பருவநிலை மாற்றத்தைச் சொல்லித்தரும்போது பாடப்புத்தகம் தடுமாறும் இடம் இதுதான். எரிப்பது இன்று, வெள்ளம் பிறகு. 2019-இல் வந்த ‘சிவிலைசேஷன் 6: கேதரிங் ஸ்டார்ம்’ விளையாட்டிலும் நிலக்கரியை எரித்துக்கொண்டே போனால் பின்னால் கடல் ஏறித் தாழ்வான கரைகளை விழுங்கும். 2020-இல் ஐ.நா. வளர்ச்சித் திட்டமே ‘மிஷன் 1.5’ என்ற கைபேசி விளையாட்டை வெளியிட்டது. ஆக, பையன் வெட்டியாக உட்கார்ந்திருக்கவில்லை அம்மா.

பொறியியல் பற்றி மாமாவுக்கே தெரியும், விடுகிறேன். அகமதாபாத்தில் 1961-இல் தொடங்கிய தேசிய வடிவமைப்பு நிறுவனத்தைப் பாருங்கள். அதையும் சுருக்கமாக என்.ஐ.டி. என்பார்கள், திருச்சியில் இருப்பது வேறு. பிளஸ் டூவில் எந்தப் பிரிவு எடுத்தவரும் இளநிலை வடிவமைப்புக்கான நுழைவுத்தேர்வை எழுதலாம். மனப்பாடம் அங்கே உதவாது. வரையச் சொல்வார்கள், புதிதாக யோசிக்கச் சொல்வார்கள். பட்டம் முடித்தபின் பெங்களூரு வளாகத்தில் டிஜிட்டல் கேம் டிசைன் என்றே ஒரு முதுநிலைப் படிப்பு இருக்கிறது.

இடம் கிடைக்காவிட்டால் அரசுக் கல்லூரியில் புவியியலோ கணினி அறிவியலோ படிக்கட்டும். மாலையில் விளையாட்டு செய்யட்டும். பருவநிலை விளையாட்டு மட்டுமே செய்யும் வேலை இங்கே கொட்டிக் கிடக்கவில்லை. ஆனால் அந்தக் கைத்திறன் பாடப்பொருள் தயாரிப்பவர்களுக்கும் பயிற்சி நிறுவனங்களுக்கும் வேண்டும். லட்சங்கள் கேட்கும் ‘கேமிங் டிப்ளமோ’க்களின் வாசலையும் மிதிக்காதீர்கள். நிலத்தின் மேல் கை வைக்கவே கூடாது, மாமா எவ்வளவு கோபித்தாலும் சரி.

பையனுக்கு ஒரு வேலை கொடுத்து அனுப்பினேன்: மாமாவை விளையாட வைத்து, எந்தச் சுற்றில் மரம் வெட்டினார் என்று குறித்துக்கொண்டு வரவேண்டும்.