வின்னிபெக்கில் பிரெஞ்சு வானொலி அறிவிப்பாளர் ஆகலாமா?

கேள்வி: புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன் நான். இப்போது வின்னிபெக்கில் கணக்காளர் வேலை. இங்கே பிரெஞ்சு பேசுபவர்கள் சிறுபான்மைதான். என் உச்சரிப்பு கியூபெக்காரர்கள் மாதிரி இருக்காது. பிரெஞ்சு வானொலியில் அறிவிப்பாளராக எனக்கு வாய்ப்பு உண்டா?

பதில்: உண்டு. ஆனால் உச்சரிப்பைப் பற்றி நீங்கள் கவலைப்படும் இடம் வேறு, கவலைப்பட வேண்டிய இடம் வேறு.

முதலில் உங்கள் ஊரின் கதை. 1916-ல் உங்கள் மாகாணமான மனிடோபாவின் பள்ளிகளில் பிரெஞ்சு வழிக் கல்வி நிறுத்தப்பட்டது. முப்பது வருஷம் கழித்து, 1946 மே 27 அன்று, ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கும் சான் போனிஃபாஸில் சி.கே.எஸ்.பி. வானொலி தொடங்கியது. மேற்குக் கனடாவின் முதல் பிரெஞ்சு நிலையம் அது. நன்கொடை திரட்டி உருவாக்கினார்கள். பள்ளியில் மறுக்கப்பட்ட மொழி வீட்டுக் கூடத்தில் ஒலித்தது. அங்கே அறிவிப்பாளராகச் சேர்ந்தவர் ஆன்ரி பெர்ஜெரோன், 1925-ல் சான் லூப்பிசேன் என்ற மனிடோபா கிராமத்தில் பிறந்தவர். 1952-ல் கியூபெக்கின் மொன்றியலில், கனடாவின் பொது ஒலிபரப்பு நிறுவனத்தின் பிரெஞ்சுப் பிரிவான ரேடியோ-கனடா தொலைக்காட்சி தொடங்கியபோது அதன் முதல் அறிவிப்பாளர் அவர்தான். சிறுபான்மை ஊரில் பழகிய குரல், பிரெஞ்சின் கோட்டைக்கே போய் அமர்ந்தது. எனக்கு எப்போதும் சிலிர்ப்பு தரும் விஷயம் இது.

1973-ல் சி.கே.எஸ்.பி. ரேடியோ-கனடாவின் கைக்குப் போய்விட்டது. அங்கே நேராக நுழைவது கடினம். 1991-ல் தொடங்கிய சமூக வானொலியான ஆன்வோல் 91-தான் உங்களுக்கு ஏற்ற வாசல். தன்னார்வலராகப் போய்க் கேளுங்கள். கணக்காளர் வேலையை இப்போதைக்கு விட வேண்டாம்.

இனி உச்சரிப்பு. ஆப்பிரிக்காவிலிருந்து வந்த பிரெஞ்சு பேசுபவர்களும் இன்று அந்த ஊரில் நேயர்கள். புதுச்சேரி வாடை யாரையும் உறுத்தாது. உறுத்துவது தெளிவின்மைதான். ஓர் உதாரணம்: வானிலையில் 'ஓ தெஸ்யூ த ஸெரோ' என்றால் பூஜ்யத்துக்கு மேலே, 'ஓ தெஸூ த ஸெரோ' என்றால் கீழே. வித்தியாசம் அந்த ஒரே உயிரொலியில்தான். தமிழ் நாக்கு இரண்டையும் 'ஸூ' என்றே சொல்லிவிடும். மைனஸ் முப்பதைத் தொடும் ஊரில் இந்தப் பிழை கூடாது. சரி, எப்படிப் பழகுவது? 'ஈ' சொல்லுங்கள், நாக்கை அசைக்காமல் உதட்டை மட்டும் விசில் அடிப்பதுபோல் குவியுங்கள். அந்த ஒலி வந்துவிடும். கண்ணாடி முன்னால் தினமும் பத்து நிமிஷம் போதும். இன்னொன்று, தமிழில் நாம் அசைகளை ஏறக்குறைய சமமாகச் சொல்பவர்கள். பிரெஞ்சும் அப்படித்தான். ஆங்கிலத்தில் வளர்ந்தவர்களை விட அதில் உங்களுக்கு வசதி அதிகம்.

சின்ன நிலையத்தில் 'அறிவிப்பாளர்' என்றால் பேசுவது மட்டுமல்ல. பேட்டி எடுப்பது, ஒலியை வெட்டி ஒட்டுவது, மிக்ஸர் பலகையைக் கையாள்வது, விளம்பரம் படிப்பது எல்லாம் ஒரே ஆள்தான். பிப்ரவரிக் குளிரில், சான் போனிஃபாஸின் குளிர்கால விழாவான வோயாஜர் திருவிழா மைதானத்திலிருந்து நேரலையும் செய்ய வேண்டிவரும். அப்புறம், பாட்டு. கனடாவின் பிரெஞ்சு நிலையங்கள் வாரத்தில் ஒலிபரப்பும் ஜனரஞ்சகப் பாடல்களில் குறைந்தது 65 சதவீதம் பிரெஞ்சில் இருக்க வேண்டும் என்பது விதி. அதனால் மனிடோபா, அகாடி (கனடாவின் கிழக்குக் கரையில் பிரெஞ்சு பேசும் பகுதி) பாடகர்களை இப்போதே கேட்கத் தொடங்குங்கள். பெயர்களைத் தப்பில்லாமல் சொல்லப் பழகுங்கள். காலையில் நீங்கள் தப்பாகச் சொன்ன பெயருக்குச் சொந்தக்காரரை மாலையில் கடையில் சந்திப்பீர்கள், பிரெஞ்சு பேசும் வட்டம் அவ்வளவு சின்னது.

இந்த வாரமே மூன்று நிமிஷம் பதிவு செய்யுங்கள்: ஒரு வானிலை அறிக்கை, ஒரு பாடல் அறிமுகம், உங்கள் தெருவைப் பற்றிச் சொந்தமாக ஒரு நிமிஷம். மைக் வாய்க்கு ஒரு சாண் தள்ளி, சற்றே பக்கவாட்டில் இருக்கட்டும், 'ப' வெடிக்காது. அந்தப் பதிவோடு நிலையத்துக்குப் போங்கள்.